செங்கல்பட்டு வட்டாரத்தில் மாணவர் தங்குமிடம்

மாணவர் தங்குமிடம் என்பது, உயர்கல்விக்காகச் சொந்த ஊரை விட்டு வரும் மாணவர் ஒருவர் படிப்புக் காலம் முழுவதும் வாழும் இடத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்லூரி விடுதி, அரசு நல விடுதி, தனியார் விடுதி, வாடகை வீடு என்னும் நான்கு வகைகளில் இது அமைகிறது. தாம்பரம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம், அணுபுரம் வரையுள்ள பகுதியில் பல்கலைக்கழகங்கள், மருத்துவ, பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகள், ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆகியவை செறிந்துள்ளன. எனவே ஆண்டுதோறும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் இங்குக் குடிபெயர்கின்றனர்.

இந்நான்கு வகைகளும் கட்டணத்திலும் வசதியிலும் மட்டும் வேறுபடுவன அல்ல. ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு சட்டங்கள் பொருந்துகின்றன. முன்பணம் திரும்பக் கிடைக்காதபோது, பகடிவதை நிகழும்போது அல்லது உணவு கெடும்போது மாணவர் யாரிடம் முறையிட முடியும் என்பது அவர் எவ்வகை இடத்தில் தங்கியுள்ளார் என்பதைப் பொறுத்தது. ஆகவே தங்குமிடத்தைத் தெரிவு செய்வது, பொறுப்புக் கூற வேண்டியவர் யார் என்பதையும் தெரிவு செய்வதாகும்.

புவியியல் பின்னணி

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. இங்குள்ள கல்வி நிறுவனங்கள் ஒரே நகரில் அமையாமல் மூன்று நீண்ட சாலைகளை ஒட்டிப் பரவியுள்ளன.

முதலாவது, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையும் அதற்கு இணையாகச் செல்லும் சென்னை கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு புறநகர்த் தொடர்வண்டித் தடமும் ஆகும். தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம், செங்கல்பட்டில் 1965 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆகியன இத்தடத்தில் உள்ளன. காட்டாங்குளத்தூர் வளாகத்துக்கு மிக அருகிலுள்ள நிலையம் பொத்தேரி ஆகும்.

இரண்டாவது, பழைய மகாபலிபுரம் சாலை எனப்படும் ராஜீவ் காந்தி சாலை. படூர், கேளம்பாக்கம், காலவாக்கம் ஆகிய ஊர்களில் பல கல்லூரிகள் உள்ளன. இச்சாலையின் இப்பகுதியில் தொடர்வண்டித் தடம் இல்லை. இச்சாலையையும் ஜி.எஸ்.டி. சாலையையும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை இணைக்கிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும், வி.ஐ.டி. நிறுவனத்தின் சென்னை வளாகமும் இவ்விணைப்புச் சாலையை ஒட்டியுள்ளன.

மூன்றாவது, கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரத்தில் 1957 ஆம் ஆண்டு தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியும், தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் உள்ளன. இப்பகுதிக்கு அருகிலுள்ள தொடர்வண்டிச் சந்திப்பு செங்கல்பட்டு ஆகும்.

இவ்வமைப்பின் காரணமாக, நிலப்படத்தில் அருகருகே தோன்றும் இரு இடங்கள் பயண நேரத்தில் தொலைவாக இருக்கலாம். தாம்பரத்தில் தங்கிப் பொத்தேரிக்குச் செல்லும் மாணவர் ஒரே தொடர்வண்டியில் சென்று சேர்கிறார். அவரே கேளம்பாக்கத்தில் படிப்பாராயின் பேருந்து மாற வேண்டும். சாலை நெரிசலையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மாவட்டங்களுக்குச் செல்லும் தொலைதூரப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதன்பின், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களுக்கு வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகிய பகுதிகள் கூடுதல் வசதி உடையனவாயின.

வரலாறு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 ஆம் ஆண்டு நிறுவப்பட்டபின், மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் சென்னைக்கு வரத் தொடங்கினர். உறவினர் வீடு, சாதி அல்லது சமயச் சங்கங்கள் நடத்திய விடுதி, கல்லூரி விடுதி ஆகியவற்றில் அவர்கள் தங்கினர். பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் 'மேன்சன்' எனப்படும் ஒற்றை அறை விடுதிகள் பெருகின. வேலை தேடுவோரும் போட்டித் தேர்வுக்குப் படிப்போரும் அவற்றில் தங்கினர்.

அக்காலத்தில் தங்குமிடம் கிடைப்பது சாதியைப் பொறுத்திருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு நகரில் அறையோ உணவோ கிடைப்பது அரிதாக இருந்தது. கல்லூரியில் இடம் கிடைத்தும் உறங்க இடமின்றிப் படிப்பைத் தொடர இயலாத நிலை இருந்தது. இதனாலேயே அவர்களுக்கெனத் தனி விடுதிகள் தேவைப்பட்டன. பரங்கிமலையில் பிறந்தவரும் ஆதிதிராவிடர் தலைவருமான எம். சி. ராஜாவின் (1883–1943) பெயரில் சைதாப்பேட்டையில் அரசு மாணவர் விடுதி உள்ளது. சைதாப்பேட்டை ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது.

சென்னை கிறித்தவக் கல்லூரி 1937 ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது, இவ்வட்டாரத்தில் தங்கிப் பயிலும் முறைக்கு முக்கியத் தொடக்கமாக அமைந்தது. சேலையூர் மன்றம், புனித தோமையர் மன்றம், பிஷப் ஹீபர் மன்றம் எனப்படும் இதன் விடுதிகள் மாணவர் வாழ்வில் தனி அடையாளம் பெற்றவை. 1980களில் தனியார் பொறியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டபின் மாணவர் எண்ணிக்கை பன்மடங்காயிற்று. கல்லூரி விடுதிகளில் இடம்பெறாதோருக்காக வளாகங்களைச் சுற்றித் தனியார் விடுதிகள் பெருகின.

வகைகள்

கல்லூரி விடுதி

கல்வி நிறுவனமே நடத்தும் விடுதி இதுவாகும். பயணச் செலவு இல்லை. நூலகமும் ஆய்வகமும் அருகில் இருக்கும். உணவுக் கட்டணம் இரு முறைகளில் பெறப்படுகிறது. ஒன்று, ஆண்டுக்கு நிலையான தொகை செலுத்தும் முறை. மற்றொன்று, மாதச் செலவைத் தங்கியுள்ள மாணவர்களிடையே பங்கிடும் 'டிவைடிங்' முறை. பின்னதில் விலைவாசிக்கும் வருகைக்கும் ஏற்பக் கட்டணம் மாறும். அதனால் முந்தைய மாதங்களின் உணவுக் கட்டணத்தை மூத்த மாணவர்களிடம் கேட்டறிதல் பயன்தரும்.

சில நிறுவனங்கள் விடுதிக் கட்டணத்தை ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே பெறுகின்றன. இடையில் வெளியேறினால் எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும் என்பது விடுதி விதிகளில் எழுதப்பட்டிருக்கும். சேரும்முன் இதைப் படித்தறிவது தேவை.

அரசு நல விடுதி

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் ஆகியோருக்கான நலத்துறைகள் பள்ளி, கல்லூரி மாணவர் விடுதிகளை நடத்துகின்றன. இவற்றில் தங்குமிடமும் உணவும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இடையே குறைந்தது 8 கி.மீ. தொலைவு இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. மாணவியருக்கு இவ்விதி பொருந்தாது.

2023 ஆம் ஆண்டு, நல விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவர் ஒருவருக்கான மாத உணவுப் படி 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 ரூபாய் ஆகும். உணவின் தரம் குறித்த முறையீடுகளைப் புரிந்துகொள்ள இத்தொகையைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு, பல்வேறு நலத்துறைகளின் விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' என்னும் பொதுப்பெயரால் அழைக்கப்படும் என அறிவித்தது. அவ்வறிவிப்பின்படி அப்போது 2,739 விடுதிகளில் 1,79,568 மாணவர்கள் தங்கியிருந்தனர். விடுதியின் பெயரே மாணவரின் சாதியை வெளிப்படுத்தக் கூடாது என்பது இதன் நோக்கம்.

இவ்விடுதிகளுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததாலேயே இடம் கிடைத்துவிடாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர் இதை அறியாமல் விண்ணப்பக் காலத்தைத் தவறவிடுவதுண்டு. கல்லூரி அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள நலத்துறை அலுவலகத்திலோ இதுபற்றி விசாரிக்கலாம்.

தனியார் விடுதி

'பி.ஜி.' அல்லது 'பேயிங் கெஸ்ட்' என மக்கள் வழக்கில் அழைக்கப்படும் தனியார் விடுதிகள் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், கூடுவாஞ்சேரி, தாம்பரம், கேளம்பாக்கம் ஆகிய இடங்களில் மிகுதியாக உள்ளன. அறையில் தங்குவோர் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் அமையும். இருவர் அறையைவிட நால்வர் அறைக்குக் கட்டணம் குறைவு. உணவு, மின்சாரம், இணைய இணைப்பு, துணி துவைத்தல் ஆகியவை கட்டணத்தில் அடங்குமா, தனியே செலுத்த வேண்டுமா என்பது விடுதிக்கு விடுதி மாறும்.

வாடகை வீடு

மூவர் அல்லது நால்வர் சேர்ந்து வீடு எடுத்துச் சமைத்து வாழும் முறை இது. நெடுங்காலம் தங்குவோருக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இது ஏற்றது. எனினும் மணமாகாத ஆண்களுக்கு வீடு தர மறுப்பது, உணவுப் பழக்கத்தையும் சாதியையும் சமயத்தையும் வினவுவது ஆகியன இன்றும் காணப்படுகின்றன. மாணவர் ஒருவர் தம் வசதிக்கேற்ற வீட்டைத் தேர்கிறார் என்பது பாதி உண்மையே. வீட்டு உரிமையாளரும் மாணவரைத் தேர்கிறார்.

வாடகை வீட்டின் தொடக்கச் செலவு பெரும்பாலும் எதிர்பார்ப்பை விஞ்சும். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 9,000 ரூபாய் உள்ள வீட்டை மூவர் எடுப்பதாகக் கொள்வோம். மூன்று மாத முன்பணம் 27,000, தரகுக் கூலியாக ஒரு மாத வாடகை 9,000, முதல் மாத வாடகை 9,000 என மொத்தம் 45,000 ரூபாய் தேவை. ஒருவர் பங்கு 15,000 ரூபாய். சென்னையில் முன்பு பரவலாக இருந்த பத்து மாத முன்பண வழக்கத்தின்படியானால் முன்பணம் மட்டுமே 90,000 ரூபாயாகும். மேலும், மூவரில் ஒருவர் இடையில் வெளியேறினால் ஏனைய இருவரின் மாதப் பங்கு 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயரும். அவரது முன்பணப் பங்கை யார் தருவது என்னும் சிக்கலும் எழும். இதைத் தொடக்கத்திலேயே தங்களுக்குள் எழுதி வைத்துக்கொள்வது நட்பையும் பணத்தையும் காக்கும்.

கல்பாக்கம், அணுபுரம்

அணுபுரம், கல்பாக்கத்திலுள்ள அணுசக்தித் துறை நிறுவனங்களின் பணியாளர்களுக்காக அமைக்கப்பட்ட நகரியம் ஆகும். இது கல்பாக்கத்துக்கு மேற்கே, கடற்கரையிலிருந்து உள்தள்ளி, திருக்கழுக்குன்றம் வட்டத்தில் உள்ளது. இங்குள்ள நிலைமை மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து மாறுபடுவதால் தனியே நோக்கத்தக்கது.

1971 ஆம் ஆண்டு உலை ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 1985 ஆம் ஆண்டு இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2005 ஆம் ஆண்டு ஹோமி பாபா தேசிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது இம்மையம் அதன் உறுப்பு நிறுவனமாயிற்று. 2006 ஆம் ஆண்டு முதல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்றும் இங்கு இயங்குகிறது. இதனால் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் பயிற்சி அறிவியலாளர்களும் இங்கு வருகின்றனர்.

அணுசக்தித் துறைக் குடியிருப்புகள் பணியாளர்களுக்கு ஒதுக்கப்படுபவை. அரசுக் குடியிருப்பு விதிகளின்படி ஒதுக்கீடு பெற்றவர் அதனைப் பிறருக்கு உள்வாடகைக்கு விட இயலாது. ஆகவே நகரியத்துக்குள் வெளிச்சந்தையில் அறை தேடுவது பயனற்றது. நிறுவனம் அளிக்கும் விடுதியில் இடம் பெறுவது ஒரு வழி. புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் போன்ற ஊர்களில் வீடு எடுப்பது மற்றொரு வழி. நடுவண் அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோருக்கு விடுதி அளிக்கப்படாதபோது விதிகளுக்கு உட்பட்டு வீட்டு வாடகைப் படி வழங்கப்படும். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இந்திய அணுமின் நிலையங்களைச் சுற்றி ஏறத்தாழ 5 கி.மீ. சுற்றளவுப் பகுதியில் மக்கள்தொகை இயல்பான வளர்ச்சிக்கு மேல் பெருகாதவாறு பெரிய குடியிருப்பு வளர்ச்சி கட்டுப்படுத்தப்படுகிறது. பொத்தேரியைப் போன்று அடுக்குமாடி விடுதிகள் நிறைந்த இடமாகக் கல்பாக்கம் மாறாததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதத்தக்கது. குறுகிய கால ஆய்வுத்திட்டத்துக்காக வரும் பொறியியல், அறிவியல் மாணவர்கள் தமக்கு விடுதி வசதி உண்டா என்பதை அனுமதிக் கடிதம் பெறும்போதே கேட்டறிவது நல்லது.

பொருந்தும் சட்டங்கள்

மகளிர், குழந்தைகள் விடுதிச் சட்டம், 2014

2014 ஆம் ஆண்டு பொள்ளாச்சியில் விடுதி ஒன்றில் தங்கியிருந்த சிறுமியர் மீது நிகழ்ந்த பாலியல் வன்கொடுமைக்குப்பின், தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி பெண்களுக்கும் 18 வயது நிறைவுறாதோருக்கும் விடுதி நடத்துவோர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். கட்டட உறுதி, தீத்தடுப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கான சான்றுகளும் தேவை. விடுதியைப் பார்க்கச் செல்லும் மாணவியும் பெற்றோரும் உரிமத்தைக் காட்டுமாறு கேட்கலாம். உரிமம் உள்ள விடுதியில் அதனை மறைக்கக் காரணம் இல்லை.

18 வயது நிறைந்த ஆண்களுக்கான தனியார் விடுதிகள் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவற்றுக்கு உள்ளாட்சி உரிமம், கட்டட விதிகள், 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களே பொருந்தும். ஆகவே ஆண் மாணவர் தனியார் விடுதியைத் தெரிவு செய்யும்போது அவசரகால வழி, தீயணைப்புக் கருவி, சன்னல் கம்பிகளின் அமைப்பு ஆகியவற்றைத் தாமே பார்த்தறிய வேண்டியவராகிறார்.

வாடகைச் சட்டம், 2017

தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 என்பது 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இது 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக அமைந்தது. இதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- வாடகை உடன்படிக்கை எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும்.
- வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவது சட்டத்துக்கு மாறானது.
- வீட்டைக் காலி செய்யும்போது உரிய கழிவுகள் போக முன்பணம் திருப்பித் தரப்பட வேண்டும்.
- குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் துண்டிக்க இயலாது.
- உரிமையாளர் வீட்டினுள் வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும்.

'வேறு உடன்பாடு இல்லாதபோது' என்னும் சொற்றொடர் கவனிக்கத்தக்கது. பத்து மாத முன்பணத்துக்கு இசைந்து கையொப்பமிட்டவர் பின்னர் மூன்று மாத வரம்பைக் காட்டி வாதிடுவது கடினம்.

வாடகை உடன்படிக்கைகள் பெரும்பாலும் 11 மாதங்களுக்கு எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை ஒட்டி எழுந்த வழக்கம் இது. எனினும் 2017 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு இதனால் விலக்குக் கிடைப்பதில்லை. சத்திரம், தங்கும் விடுதி போன்றவை இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ளன. எனவே தனியார் விடுதியில் தங்குபவர் வாடகைதாரருக்குரிய இப்பாதுகாப்பை எதிர்பார்க்க இயலாது. அவருக்குப் பணம் செலுத்திய ரசீதும் நுகர்வோர் சட்டமுமே துணை.

வரி

தனியார் விடுதிக் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி உண்டா என்பது சில ஆண்டுகள் சிக்கலாக இருந்தது. மாணவர்களுக்கும் பணிபுரியும் மகளிருக்குமான விடுதிகளுக்கு இவ்வரியிலிருந்து விலக்கு உண்டு எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2024 ஜூனில் கூடிய வரி மன்றத்தின் பரிந்துரைப்படி, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான கட்டணத்தில் தொடர்ந்து குறைந்தது 90 நாட்கள் தங்கும் சேவைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கட்டணச் சீட்டில் இவ்வரி தனியே சேர்க்கப்பட்டிருந்தால் மாணவர் அதற்கு விளக்கம் கேட்கலாம்.

பகடிவதையும் விடுதியும்

பகடிவதை பெரும்பாலும் வகுப்பறையைவிட விடுதியிலேயே நிகழ்கிறது. 1996 நவம்பரில், சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். இந்நிகழ்வைத் தொடர்ந்து தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் 1997 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இச்சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். நாவரசு வழக்கில் கீழ்நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் 2001 ஆம் ஆண்டு நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2011 ஆம் ஆண்டு அதனை மீண்டும் உறுதி செய்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனி விடுதித் தொகுதியில் தங்கவைக்க வேண்டும். எந்நேரமும் அணுகத்தக்க முழுநேரக் காப்பாளரும் இருக்க வேண்டும். இவை கல்வி நிறுவன விடுதிகளைக் கட்டுப்படுத்துபவை. முறையீடு செய்ய 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. முதலாண்டு மாணவர் ஒருவர், மூத்த மாணவர்கள் ஏற்கெனவே எடுத்துள்ள வாடகை வீட்டில் சேரும்போது அங்கு காப்பாளர் இல்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எனினும் குற்றவியல் சட்டமும் மேற்கண்ட தொலைபேசி உதவியும் அவருக்கும் உண்டு.

நேரக் கட்டுப்பாடும் மாணவியரும்

மகளிர் விடுதிகள் பலவற்றில் மாலைக்குப்பின் வெளியே செல்லக் கட்டுப்பாடு உண்டு. ஆடவர் விடுதிகளில் இது தளர்வாகவோ இல்லாமலோ இருக்கும். நூலகமும் ஆய்வகமும் இரவு வரை திறந்திருக்கும் வளாகங்களில் இவ்வேறுபாடு படிப்பையே பாதிக்கிறது. மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களோடு ஒப்பிடுகையில் பாகுபாடான விடுதி விதிகளை விதிக்கக் கூடாது எனப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன.

அண்டை மாநிலமான கேரளத்தில், கல்லூரி விடுதியில் குறிப்பிட்ட நேரங்களில் கைப்பேசி பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டதை எதிர்த்த மாணவி ஒருவர் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் எனக் கூறி அவரை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது.

தெரிவின்போது கருதத்தக்கவை

தொலைவு: கி.மீ. கணக்கைவிடப் பயண நேரமும் கடைசி வண்டியின் நேரமும் முக்கியம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிமுகமாயிற்று. இதனால் குறைந்த வாடகையுள்ள சற்றுத் தொலைவான ஊரில் தங்குவது மாணவியருக்கு இயலக்கூடியதாயிற்று. ஆனால் அப்பேருந்து அத்தடத்தில் எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்: பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியில் பல குடியிருப்புகள் தண்ணீர் லாரிகளை நம்பியுள்ளன. கடலோரத்தில் நிலத்தடி நீர் சில இடங்களில் உவர்ப்பாக உள்ளது. கோடையில் தண்ணீர் வருமா, லாரித் தண்ணீரின் செலவு யாருடையது என்பன முன்பே கேட்கப்பட வேண்டியவை.

வெள்ளம்: 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தால் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பெரிதும் பாதிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கல்பாக்கம் நகரியம் உட்படக் கடலோரக் குடியிருப்புகளில் உயிரிழப்பு நேர்ந்தது. மாணவர்கள் வீடு தேடும் காலம் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வெயிலில் பார்த்த தெருவின் தாழ்வு மழையில்தான் தெரியும். தரைத்தள அறையாயின் முந்தைய மழைக்காலங்களில் தண்ணீர் ஏறியதா என்று அண்டை வீட்டாரிடம் கேட்டறிதல் நன்று.

மின்சாரம்: வாடகை வீடுகளில் துணை மீட்டர் வைத்து, மின்வாரியக் கட்டணத்தைவிடக் கூடுதலான ஒரே விகிதத்தில் அலகுக்குப் பணம் பெறும் வழக்கம் உள்ளது. அலகு விலையை உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ளலாம்.

அயல்நாட்டு மாணவர்: அயல்நாட்டு மாணவரைத் தங்கவைப்பவர் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் உரிய படிவம் வழி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கு உடன்படாத உரிமையாளரின் வீட்டைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

பணம் செலுத்தும்முன் செய்யத்தக்கன:

- இடத்தை நேரில் பார்த்தல். இயன்றால் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை.
- அங்குத் தங்கியிருப்பவரிடம் உணவு, தண்ணீர், காப்பாளர் பற்றித் தனியே கேட்டல்.
- முன்பணத்துக்குப் பெயர், நாள், தொகை குறித்த ரசீது பெறுதல்.
- குடியேறும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி, கதவு ஆகியவற்றின் நிலையைப் படமெடுத்து வைத்தல்.
- காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்புத் தேவை என்பதை எழுத்தில் பெறுதல்.

பிற நாடுகளில்

இலங்கையில் பல்கலைக்கழக விடுதிகளில் முதலாம் ஆண்டு, இறுதி ஆண்டு மாணவர்களுக்குப் பொதுவாக முன்னுரிமை அளிக்கப்படுகிறது. ஏனையோர் 'போடிங்' எனப்படும் வாடகை அறைகளில் தங்குகின்றனர். அங்கு பகிடிவதைக்கு எதிரான சட்டம் 1998 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. செருமனியில், மாணவர் நலனுக்கான பொது அமைப்புகள் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே தனித்து நின்று விடுதிகளையும் உணவகங்களையும் நடத்துகின்றன.

இங்கிலாந்தில், வாடகை உடன்படிக்கைகளின்கீழ் பெறப்படும் முன்பணத்தை அரசு ஏற்ற காப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும் என்னும் முறை 2007 ஆம் ஆண்டு முதல் உள்ளது. பிணக்கு எழுந்தால் அத்திட்டத்தின் நடுவர் தீர்த்து வைப்பார். தமிழ்நாட்டில் முன்பணம் முழுவதும் உரிமையாளரின் கையிலேயே இருக்கும். எனவே இங்கு முன்பணம் குறைவாக உள்ள இடத்தைத் தெரிவு செய்வது, பணத்தைக் காக்கும் எளிய வழியாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

- செங்கல்பட்டு மாவட்டம்
- அணுபுரம்
- கல்பாக்கம்
- பகடிவதை
- சென்னை கிறித்தவக் கல்லூரி
- எம். சி. ராஜா